பாஸ்டர் ஜாக்சன் நீட்டிய கை

உபவாச ஜெபத்தில் பாஸ்டர் ஜாக்சனுக்கு ஒரு தரிசனம் கிடைத்தது. சென்னைப் பட்டணம் முழுவதும் ஆண்டவருக்கு முன்னால் அசையாமல் நிற்கிறது. அதிலிருந்து தினமும் காலையில் அடையாறு மெயின் ரோட்டின் ஓரமாக நின்று, கண்ணை மூடி, வலது கையை ஊருக்கு நேராக நீட்டி ஜெபிப்பார். ஜெபம் சூடுபிடித்தால் அவர் கால் தானாக முன்னே நகரும். இது சபையில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது.

போன ஆடியில் ஒருநாள், "இந்தப் பட்டணத்தை உமக்கு முன்னால் நிறுத்தும், ஆண்டவரே!" என்று அவர் கதறிக்கொண்டிருந்தபோது பிரேக் கிறீச்சிட்டது. கண்ணைத் திறந்தார். நட்டநடு ரோட்டில் நின்றுகொண்டிருந்தார். நீட்டிய கைக்கு எதிரே பஸ், அதன் பின்னால் ஆட்டோக்கள், பைக்குகள்.

"வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று ஒரு ஆட்டோக்காரர் கத்தினார்.

வெட்கத்தில் பாஸ்டர் கையை இறக்கப் போனார்.

"எறக்காத பாஸ்டரே! அப்டியே இரு!" என்று ரோட்டோரத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

ரோட்டைக் கடக்க வழியில்லாமல் வெகுநேரமாக நின்றிருந்த மீன்காரி அங்காளம்மாள், கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு குறுக்கே நடந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கைத்தடிப் பெரியவர் ஒருவரும் அவள் பின்னாலேயே வந்தார்கள். பஸ் காத்திருந்தது. ஆட்டோவும் முனகிக்கொண்டே காத்திருந்தது.

எதிர்ப்பக்கம் போனதும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கும் இதே டைமுக்கு வந்துடு, இன்னா?"

பாஸ்டர் இன்றைக்கும் அங்கேதான் ஜெபிக்கிறார். கண்ணை மட்டும் மூடுவதில்லை.