முதலில் பை, பிறகு கால்

“…அந்த வளைவிலை கோச்சி சினைமாடு மாதிரித்தான் நகரும், நீர் பயப்பிடாதையும். முப்பது வருசமா நான் ஸ்டேசனிலை இறங்கினதே இல்லை. கடைக்குப் பின்னாலை இறங்கிறதுதான்” என்றார் அத்தான், என் அக்காவின் கணவர்.

கொழும்பிலிருந்து தெற்கே, கடலோரமாகப் போகும் ரயிலில், அவர் சொல்லும் கோச்சியில், வாசலடியில் நின்றுகொண்டிருந்தோம். உட்கார இடம் இருந்தது. அவர் உட்காராததால் நானும் உட்காரவில்லை.

அந்தப் பழைய பாதையைப் புதுப்பிக்கிறார்கள். இருக்கிற தண்டவாளத்தை மாற்றி முடித்து, பக்கத்தில் இன்னொன்று போடப்போகிறார்கள். அத்தானின் கடை அதன் ஓரத்தில். இரண்டு வருடமாகக் கடையைப் பங்காளியிடம் விட்டுவிட்டு நெடுந்தீவில், ஊரோடு இருந்தவருக்குத் திடீரென்று அழைப்பு: பத்து மணிக்கு அளக்க வருகிறார்கள். காணி உறுதியை, அந்த நிலப் பத்திரத்தை, காட்டினால் பின்சுவர் மட்டும்தான் போகும். காட்டாவிட்டால் முழுக் கடையும் ரயில்வே நிலம் என்று எழுதிவிடுவார்கள். கலவரத்தில் ஒருமுறை எரிந்த கடை அது. அதற்குப் பிறகு உறுதி நெடுந்தீவு வீட்டு அலுமாரியை விட்டு வெளியே வந்ததில்லை. இப்போது அவர் தோளில் தொங்கிய பைக்குள் இருந்தது.

“அவரைத் தனிய விடாதை. தன்ரை நிழலையும் முந்திப் போற மனுசன்” என்று அக்காதான் என்னைக் கூட அனுப்பியிருந்தார்.

பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது.

“அத்தான், ஸ்டேசனிலையே இறங்குவம். ஓடினா பத்து நிமிசம்.”

“அதுக்குள்ளை அவங்கள் அளந்து, தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போயிடுவாங்கள்.”

“வயசு என்ன இப்ப?”

“எனக்கோ, கோச்சிக்கோ?”

நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

கடையின் ஓட்டுக்கூரை தெரிந்தது. நெடுந்தீவு இறங்குதுறையில் நாங்கள் எல்லோரும் செய்கிறதுதான்: படகு அணைகிற நேரம் பையைக் கரைக்கு எறிவோம், பின்னால் நாங்கள் பாய்வோம். சுமையோடு பாய்ந்தவன் தண்ணீருக்குள். அத்தான் யோசிக்கவே இல்லை. பையை எறிந்தார். ஒரு காலைப் படியில் இறக்கினார்.

ரயில் மெதுவாகவில்லை. வளைவை நிமிர்த்தியிருந்தார்கள். இரண்டு கையாலும் அவரை உள்ளே இழுத்தேன். கடை பின்னால் போனது.

“உறுதி?” என்றேன்.

“அது பாய்ஞ்சிட்டுது. நான்தான் பாயேல்லை.”



ரயில் நிலையத்தில் நின்றதும் இறங்கினார். செருப்பிரண்டையும் கழற்றி என் கையில் தந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புதிதாகக் கொட்டிய கருங்கல்லின் மேல், வந்த வழியே ஓடத் தொடங்கினார்.