புளி போட்டுத் தேய்த்தவள்

ஈரம் சொட்டச் சொட்ட அந்தப் பித்தளைத் தகட்டை அண்ணன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பொன்னிறமாக இருக்க வேண்டிய தகடு, கத்தரிக்காய்த் தோல்போலத் திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தது. முந்தின நாள் நான் ஒரு காரியத்துக்காகக் கொடுமுடி போயிருந்தேன். பழுதுபார்க்க வந்த கடிகாரத்தின் உள்பாகங்களை அம்மோனியா கலந்த கரைசலில் கொஞ்ச நேரம்தான் ஊற வைக்க வேண்டும். அவர் ஊறப் போட்டுவிட்டு, மகளின் சம்பந்தப் பேச்சுக்காக வீட்டுக்கு ஓடியிருக்கிறார். விடிந்த பிறகுதான் நினைவு வந்திருக்கிறது. “மறந்தே போயிட்டனுங்க அம்மணி” என்றார்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. கடிகார சர்வீஸ் சென்டர் ஒன்றில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் வேலை பார்த்தோம். அதை மூடியதும் ஆர்.எஸ்.புரத்துச் சந்து ஒன்றில் இருவரும் சேர்ந்து கடை போட்டோம். என் வீட்டுக்காரர் தவறியபோது, சொந்தக்காரர்களுக்கு முன்னால் வந்து நின்றவர் அவர்.

அன்று முழுக்க இருவரும் அந்தத் தகட்டோடு போராடினோம். பாலிஷைத் துணியில் தொட்டு மெல்லத் தேய்த்தோம். கூர்சீவிய குச்சியால் ஒவ்வொரு துளையையும் துடைத்தோம். கறுப்பு பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் நடுவில், கடிகாரத்தைச் செய்தவனின் முத்திரையைச் சுற்றி ஒரு கறை ஆழமாக இறங்கியிருந்தது. அதற்கு மேல் தேய்த்தால் முத்திரையே அழிந்துவிடும். “இதோட விட்டறலாங்கண்ணா, உள்ளதைச் சொல்லிக்கலாம்” என்றேன். சரியென்று தலையாட்டினார்.

சொல்வது சுலபமில்லை என்று எனக்கும் தெரியும். அது அவருக்குச் சம்பந்தி ஆகப்போகிற பொள்ளாச்சி அம்மாவின் கடிகாரம். அந்த அம்மாவின் மாமனார் வைத்திருந்தது. நான்கு பக்கமும் கண்ணாடி என்பதால் உள்ளே இருக்கும் கறை பளிச்சென்று தெரியும்.

வந்ததும் அந்த அம்மா குனிந்து பார்த்தார். “இதென்னுங்க, இப்படிக் கறை?”

“நானில்லாதப்ப அம்மணி புளி போட்டுத் தேய்ச்சுப்போட்டாங்க. ஊட்டுப் பாத்திரம் தேய்ச்ச பழக்கமுங்க” என்றார் அண்ணன்.

புளி பட்டால் பித்தளை செம்பு நிறத்துக்கு மாறிவிடும், கடிகாரத்துப் பக்கமே கொண்டு போகாதீர்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறவள் நான். அந்த அம்மா என் கைகளைப் பார்த்தார். உடனே நம்பிவிட்டார். பித்தளை, புளி, ஒரு பெண்பிள்ளை: நம்பாமல் என்ன செய்வார்? நான் வாயைத் திறந்தேன். அந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னால் அண்ணன் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். மூடிக்கொண்டேன்.

“கல்யாணம் கூடி வர்ற நேரமுங்க. முடிஞ்சதும் நானே உண்மையைச் சொல்லிப் போடறனுங்க” என்றார் அண்ணன், அந்த அம்மா போன பிறகு. மறுநாளிலிருந்து, “கழுவறதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க மத்த வேலையப் பாருங்க அம்மணி” என்று உள்பாகங்களைக் கழுவும் தொட்டியைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். செய்ததற்கு வருந்துகிறார் என்று நினைத்தேன். மனசு இளகிக்கூடப் போனது.

தாலி கட்டி முடிந்து, பந்திக்குப் போகும் வழியில் பொள்ளாச்சி அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். “எங்க மாமனார் கடிகாரத்தைப் புளி போட்டுத் தேய்ச்ச அம்மணி இவுங்கதான்” என்று சொந்தக்காரர்களிடம் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். “போகுதுங்க, நான் அதை மனசுல வெச்சுக்கல” என்று என் தோளைத் தட்டினார். அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

“உங்களுக்குப் பெரிய மனசுங்க சம்பந்தி. அதுக்கப்பறம் அம்மணி கையில நான் கழுவற வேலையே குடுக்கறதில்லீங்க” என்றார். மறுபடியும் சிரிப்பு எழுந்தது.

சாப்பிடாமலே பஸ் ஏறினேன். தொட்டியை அவர் நகர்த்தி வைத்தது எதற்கென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். மறுநாள் போய் என் சாமான்களை எடுத்துக்கொண்டேன். இப்போது வடவள்ளியில், வீட்டு முன்னறையிலேயே வேலை பார்க்கிறேன்.

போன மாதம் அண்ணன் வந்தார். பேரனுக்குக் காதுகுத்து, பத்திரிகை வைக்க வந்திருந்தார். “அந்த ஒரு வார்த்தைய இன்னுமா நெனைச்சுட்டு இருக்கறீங்க அம்மணி?” என்றார்.

“சம்பந்தியம்மாகிட்டச் சொல்லிட்டீங்களாங்கண்ணா?”

தலையைக் குனிந்துகொண்டார். “இனிமேப் போய்ச் சொன்னா நல்லாவாங்க இருக்கும்?”

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்தார். வாசலில் நின்று, “வாரனுங்க அம்மணி” என்றார். நான் எழுந்திருக்கவில்லை.