சந்துக்குள் வந்த விசாரணை

போன வாரம் பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடைக்கு சோப்பு வாங்கப் போனேன். கடைக்காரர் அப்போதுதான் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்தார். குப்பென்று ஊதுபத்தி வாசனை. கொளுத்திய பிறகு வருவது வேறு. கரித்தூளும் மரப்பட்டைப் பொடியும் மூங்கில் குச்சியில் ஈரமாக ஒட்டியிருக்கும்போது வருமே, அந்தப் பச்சை வாசனை. உங்களுக்கு அது சாமி அறையை நினைவூட்டலாம். எனக்கு அரசாங்க விசாரணைதான் நினைவுக்கு வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. சோப்பு வாங்காமலே வீடு திரும்பிவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு விசாரணை அலுவலகத்தில் ஸ்டெனோவாகச் சேர்ந்தேன். ரோடும் சாக்கடையும் போடுகிற இன்ஜினியர்கள் மேல் ஊழல் புகார் வந்தால், தப்பு செய்தார்களா இல்லையா என்று இலாகாவே விசாரிக்கும் இடம். பெயர் எதற்கு, விடுங்கள். நான் ஆனேக்கல்காரி. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் நாக்கில் புரளும். சுருக்கெழுத்துதான் எந்த மொழியிலும் புரளவில்லை. என் கிறுக்கலை என்னாலேயே படிக்க முடியாது. யார் என்ன சொன்னார்கள் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு டைப் அடித்துச் சமாளிப்பேன். அது திறமை என்று நினைத்துச் சம்பள உயர்வுகூடக் கொடுத்தார்கள்.

அங்கே என் விரல்கள் முதலில் கற்றுக்கொண்ட கன்னட வார்த்தை 'முந்தூடலாகிதெ'. ஒத்திவைக்கப்பட்டது என்று அர்த்தம். காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, காகிதத்தை மெஷினில் மாட்டி, இந்த ஒரு வார்த்தையை அடித்துவிட்டு, கீழே கேன்டீனில் பை-டூ காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போன நாட்கள் உண்டு. ஒரே காபியை இரண்டு டம்ளரில் ஊற்றிக் கொடுப்பதற்குத்தான் பை-டூ என்று பெயர். பெங்களூரு மனிதர்களைச் சேர்த்து வைத்ததில் பாதிப் புண்ணியம் அந்தக் காபிக்கு உண்டு என்பது என் கட்சி.

பிலோமினா அக்காவும் நானும் சிநேகமானது அந்தக் காபியால்தான். ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்தில் குடியிருந்தார். வீட்டு வாசலில் மணை போட்டு உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுவார். எத்தனை சோப்புப் போட்டாலும் விரல் இடுக்குக் கறுப்பு போகாது. அவர் விசாரணைக்கு வந்து உட்கார்ந்தால் எங்கள் பழைய ஹால் முழுக்க மணக்கும். கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடப்பார். அதுதான் கேஸே.

அவர்கள் சந்தில் மோரி மேல் புதிதாக கான்கிரீட் மூடி போட்டார்கள். சாக்கடையை அங்கே மோரி என்றுதான் சொல்வார்கள். முதல் மழையிலேயே மூடி உடைந்தது. தலையில் ஊதுபத்திக் கட்டோடு போன பிலோமினா அக்கா இடுப்பளவு உள்ளே விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. புகார், பத்திரிகைச் செய்தி என்று சத்தம் கிளம்பியதும் இரண்டு பேர் மேல் குற்றச்சாட்டு வந்தது. ஒருவர் பெரிய இன்ஜினியர். இன்னொருவர் அவருக்குக் கீழே இருந்த இளைஞர் சிவண்ணா.

சந்தில் இருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். கம்பி கட்டாமல் கான்கிரீட் போடக்கூடாது என்று சிவண்ணா வேலையை நிறுத்தியிருக்கிறார். பெரிய இன்ஜினியர் ஜீப்பில் வந்து, எல்லோர் எதிரிலும் அவரை அதட்டி, அப்படியே போடச் சொல்லியிருக்கிறார். ஆனால் விசாரணையில் பெரியவர் ஒரே பல்லவி பாடினார்: "நான் அந்தச் சந்துப் பக்கமே போனதில்லை. மேற்பார்வை முழுக்க சிவண்ணாதான்."

சஸ்பெண்ட் ஆனது சிவண்ணா மட்டும். பெரியவர் பதவியில், ஜீப்பில், அதே மீசையோடு வந்து போனார். அவருக்கு வேண்டியது காலம்தான். ரிட்டயர் ஆகிவிட்டால் கேஸ் தானாக ஆறிப்போகும் என்பது அவர் கணக்கு. ஒரு தடவை ரத்த அழுத்தம். ஒரு தடவை மைத்துனர் வீட்டுக் கல்யாணம். ஒரு தடவை அவருக்காக வாதாட வந்த ஓய்வுபெற்ற அதிகாரிக்குத் தொண்டை கட்டிவிட்டது. எங்கள் விசாரணை அதிகாரி ஆளுக்கு ஒரு வாய்தா கொடுத்து மாற்றலாகிப் போவார். புதிதாக வந்தவர் முதலிலிருந்து தொடங்குவார். நான் 'முந்தூடலாகிதெ' அடிப்பேன்.

இப்படியே வருஷங்கள் ஓடின. சந்துக்காரர்கள் ஒரு நாள் கூலி போகிறதே என்று ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். பிலோமினா அக்கா மட்டும் பஸ் ஏறி வருவார்.

"எதுக்குக்கா இந்தக் காலை வெச்சிக்கினு அலையற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கால்தானே உடஞ்சது, நாக்கு நல்லாத்தானே கீது" என்றார். பிறகு ஹாலின் மூலையில் நின்றிருந்த சிவண்ணாவைக் காட்டி, "அந்தப் புள்ள எங்களுக்கோசரம் வாயத் தொறந்தது பாப்பா. நான் இப்ப வாய மூடிக்கினா அது நாயமா?" என்றார்.

சிவண்ணா ஒவ்வொரு வாய்தாவுக்கும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் வருவார். நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோயிருந்தது. பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுத்துக் காலம் தள்ளினார். பெரியவர் படியேறும்போது பழக்கதோஷத்தில் எழுந்து நிற்பார்.

அப்போதுதான் சுகன்யா மேடம் விசாரணை அதிகாரியாக வந்தார். ஒல்லி உருவம், மெல்லிய குரல். தமிழ் தெரியாது. பெரியவருக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. வழக்கம்போல அவருக்காக வாதாட வந்த ஓய்வுபெற்ற அதிகாரி எழுந்து, சாட்சிகள் வரவில்லை, ஒத்திவைக்க வேண்டும் என்றார். நான் அனிச்சையாக அந்த வார்த்தையின் முதல் எழுத்தை அடித்துவிட்டேன்.

மேடம் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "சாக்ஷிகளு எல்லி இத்தாரெ?" சாட்சிகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார்.

பிலோமினா அக்காவுக்குக் கன்னடம் நன்றாகப் புரியும். "எங்க சந்துலதான் மேடம். எங்க போவாங்க?"

அதை நான் கன்னடத்தில் சொன்னதும், "அப்படியானால் அங்கேயே உட்காரலாம்" என்றார் மேடம். அந்த வாரமே இரண்டு இன்ஜினியர்களும் நேரில் வரவேண்டும் என்று உத்தரவு.

அந்தக் காலை வேளையை நான் மறக்கவே மாட்டேன். சந்துக்குள் ஒரு மேஜை, மூன்று நாற்காலி. என் டைப்ரைட்டரை வைக்க யாரோ இட்லிக் கடை பெஞ்சைத் தூக்கி வந்தார்கள். வாசலுக்கு வாசல் பெண்கள் மணையை விட்டு எழுந்து வந்து, கரி அப்பிய கைகளோடு சுற்றி நின்றார்கள். கூலி போகும் என்று வராதவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நான் கன்னடத்தில் மேடத்துக்குச் சொல்லி, டைப்பும் அடித்தேன்.

பெரியவர் நாற்காலியில் சாய்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்காக வாதாட வந்தவர்தான், "இவர்கள் சொல்லிக்கொடுத்த சாட்சிகள், எங்கள் கட்சிக்காரர் இந்தச் சந்துப் பக்கமே இன்றுதான் வருகிறார்" என்று மறுபடி மறுபடி சொன்னார்.

பிலோமினா அக்காவின் முறை வந்தது. மேடம் முன்னால் நிமிர்ந்து நின்று ஆரம்பித்தார். "இவருதாம்மா வந்தாரு. ஜீப்புலயே குந்திக்கினு கத்தினாரு. கீழ எறங்கவே இல்ல. எறங்கினா ஷூல மோரித்தண்ணி பட்டுடுமோன்னு பயம்."

சந்தே கொல்லென்று சிரித்தது. இன்னொரு பெண், "ஜீப்பு சீட்டப் புடிச்சிக்கினு நடுங்கினாரு!" என்றாள். மறுபடி சிரிப்பு.

பெரியவரின் மீசை துடித்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். சுத்தமான பெங்களூர்த் தமிழில் கத்தினார்: "யாருக்குடி பயம்? நான் எறங்கி, தோ இங்க நின்னுதான் போடச் சொன்னேன்!"

அவருக்காக வாதாட வந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். மேடம் என் பக்கம் திரும்பி, மெதுவாக, "ஏனு ஹேளிதரு?" என்றார், என்ன சொன்னார் என்று.

என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் எதையும் மொழிபெயர்த்ததில்லை. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் விரல் காட்டிய இடத்தையும் சேர்த்துச் சொன்னேன். பிறகு டைப் அடித்தேன். அந்தச் சத்தம் சந்தின் கோடிவரை கேட்டது.

மேடம் அதோடு விடவில்லை. உடையாமல் மிச்சமிருந்த ஒரு மூடியைப் பெயர்க்கச் சொன்னார். இரண்டு சம்மட்டி அடியில் பிளந்தது. உள்ளே கம்பி என்று பேருக்குக்கூட ஒன்றும் இல்லை. பிலோமினா அக்கா கையிலிருந்த ஊதுபத்திக் குச்சியால் அதைக் குத்தினார். மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. சிவண்ணா தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. சந்துப் பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். அன்று அவருடைய இஸ்திரிச் சட்டை முழுக்கக் கரிக்கை அடையாளம்.

பெரியவர் ரிட்டயர் ஆவதற்கு முன்பே உத்தரவு வந்தது. வேலை பறிபோனது. மாலை வரைக்கும் வாங்கி ஏற்பாடாகியிருந்த பிரிவுபசார விழா நடக்கவில்லை. சிவண்ணா குற்றமற்றவர், நிறுத்தி வைத்திருந்த பதவி உயர்வோடு திரும்ப வேலையில் சேரலாம் என்ற அந்த உத்தரவை நான்தான் டைப் அடித்தேன். ஓர் எழுத்துப்பிழை இல்லை. எனக்கே நம்ப முடியவில்லை.

சந்தில் தமட்டை அடித்து, பட்டாசு வெடித்தார்கள். சிவண்ணாவை நாற்காலியோடு தூக்கினார்கள். அவர், "இளிசி, இளிசி" என்று கெஞ்ச, இறக்க யாருக்கும் மனமில்லை. சில மாதங்களில் மோரி மூடியைப் புதிதாகப் போட்டதும் அவர்தான். ஊற்றுவதற்கு முன் பெண்களைக் கூப்பிட்டு, "நோடிகொள்ளி அக்கா, பாத்துக்குங்க" என்று கம்பியைக் காட்டினார். பிலோமினா அக்கா ஒரு காலை ஊன்றிக் குனிந்து, கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, "சரி, போடு" என்றார். அதற்குப் பிறகுதான் கான்கிரீட் ஊற்றினார்கள். எந்தப் பெரிய அதிகாரிக்கு அந்த அதிகாரம் உண்டு, சொல்லுங்கள்?

அந்தச் சந்து இப்போது இல்லை. இரண்டு பக்கமும் மாடி மேல் மாடி எழும்பிவிட்டது. ஊதுபத்தி உருட்டியவர்கள் வாடகை தாங்காமல் ஊருக்கு வெளியே சிதறிப்போனார்கள். பிலோமினா அக்கா கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. எங்கள் பழைய ஹாலை இடித்து கார் நிறுத்துகிறார்கள். சுகன்யா மேடம் மைசூர்ப் பக்கம் எங்கோ இருப்பதாகக் கேள்வி.

வேலை மட்டும் ஊரெங்கும் நடக்கிறது. உயரமான தகரத்தை வரிசையாக அடைத்து, அதற்குள்ளே தோண்டுகிறார்கள், ஊற்றுகிறார்கள், மூடுகிறார்கள். நாம் வெளியே மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போகிறோம். இடுப்பில் கைவைத்து நின்று, "உள்ள கம்பி கீதா?" என்று கேட்க யாரும் இல்லை.