சினை ஊசி வாயுவும் வால்நட்சத்திரமும்

பதுளை ஆஸ்பத்திரியில் அக்காவைப் பற்றி டாக்டர் கைவிரித்துவிட்ட மாதத்தில்தான் அந்த வால்நட்சத்திரம் வந்தது. வார்டு ரேடியோவில் கேட்டுவிட்டு, "தம்பி, அத ஒருவாட்டி எனக்குக் காட்டிருடா" என்றாள். தேயிலைக் கொழுந்து பறித்து என்னைத் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாராக்கியவள். அதுவரை என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. ஆனால் கட்டிலைவிட்டு எழ முடியாதவளுக்கு விடியலுக்கு முந்திய வானத்தை எப்படிக் காட்டுவது? படம் பிடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் நமுனுகுல மலைப் பனிக்கு என் பழைய கேமரா என்றால் கொள்ளைப் பிரியம். லென்ஸைத் திறந்த சற்று நேரத்தில் உள்ளும் புறமும் வியர்த்துவிடும். முதல் ரோல் முழுக்க வெறும் வெள்ளை மூட்டம். ஈரமில்லாத வாயுவைச் செலுத்திக் கேமராவுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றினால் பனி பிடிக்காது என்று ஏதோ சஞ்சிகையில் படித்திருந்தேன். அப்படிப்பட்ட வாயுவான நைட்ரஜன் எனக்குத் தெரிந்து ஒரே இடத்தில்தான் இருந்தது: மாட்டாஸ்பத்திரியில், காளை விந்தை உறையவைக்கும் குடுவையில்.

அங்கே சினை ஊசி போடுகிறவர் என் சிநேகிதர். குடுவையிலிருந்து ஆவியாகி வருவதை ரப்பர் குழாயில் பிடித்து, புது ரோல் போட்டுப் பொலித்தீன் பைக்குள் வைத்த கேமராவுக்குள் விட்டார். "வாத்தியாரே, கன்னு போட்டா ஒன்னு எனக்கு" என்று சிரித்தார். அளவு இருவருக்கும் தெரியாது. கூடினால் என்ன கெட்டுப்போகும் என்று நெடுநேரம் விட்டோம்.

மறுநாள் விடியுமுன், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடுமுன் மலைச்சரிவில் நின்றேன். வானம் அத்தனை சுத்தம். லென்ஸில் ஒரு பொட்டு ஈரமில்லை. வாலோடு அது தெரிந்தது. கீழேயிருந்து மூடுபனி ஏறுவதைப் பார்த்து, விறுவிறுவென்று பிலிமைச் சுற்றிச் சுற்றி எடுத்தேன். நம்பிக்கை எனக்கு ஒத்துக்கொள்ளாத சாமான். அன்று மட்டும் இருந்தது.

ஸ்டூடியோ முதலாளி படங்களை நீட்டும்போதே அவர் முகம் சரியில்லை. எல்லாவற்றிலும் கிளைகிளையாக வெள்ளைக் கீறல்கள். வாயு விட்ட கதையைச் சொன்னேன்.

"மாஸ்டர், ஈரத்த எடுக்கிறேன்னு பிலிம அப்பளமா காய வச்சிட்டீங்க. காஞ்சத அவசரமா சுத்தினா உள்ளுக்கே பொறி பறக்கும். அந்தப் பொறிதான் இதுல விழுந்திருக்கு."

ஈரமும் கெடுத்தது, காய்ந்ததும் கெடுத்தது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. வேறு ரோல் வாங்கிக்கொண்டு போனபோது மலையை மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டபோது வானத்தில் ஒன்றுமில்லை.

வெறுங்கையோடு போக மனமில்லாமல், உள்ளதில் ஒரு படத்தை எடுத்துப் போனேன். நடந்ததைச் சொல்லியே கொடுத்தேன். மூலையில் மங்கலாகத் தெரிந்த புள்ளியில் விரல் வைத்து, இதுதான் வால்நட்சத்திரம் என்றேன். அவள் கண் அங்கே போகவில்லை. கீறல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிடுங்கிப்போட்ட தேயில வேரு மாதிரியில்ல இருக்கு" என்றாள்.

பிறகு படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அங்கயும் இதத்தான் நட்டு வச்சிருக்கானுங்களாடா?"