ஏழரை மணிச் சூரியன்

சித்தூர் சந்தையில் இன்று ஒரு கருவாட்டுக் கூடை என்னைக் கடந்து போனது. அந்த உப்பு வாசனையில், மதராஸ் கடற்கரையோரம் நாங்கள் தங்கிய, இப்போது இடித்துவிட்ட சத்திரம், அதன் பிசுபிசுத்த சுவர்களோடும் ஓயாத அலைச் சத்தத்தோடும் நினைவில் எழுந்து வந்தது.

எங்கள் ஊர் ஆந்திராவுக்கா மதராஸுக்கா என்று எல்லைப் பேச்சு நடந்த காலம். மனு கொடுக்கப் போன நைனாவோடு அம்மாவும் நானும் போனோம். கடலில் சூரியன் கிளம்புவதை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு விடியல்.

"படிக்கிற புள்ள, நீ சொல்லுடா. சூரியன் எத்தினி மணிக்கு வரும்?" என்று முந்தின நாள் கேட்டாள்.

"ஏழரைக்கும்மா. நம்மூர்ல அப்பத்தான வருது?"

ஒரு மலையின் மேற்கு அடிவாரத்தில் இருந்த எங்கள் ஊருக்கு, மலையைத் தாண்டிச் சூரியன் வர ஏழரை ஆகும். கடலில் மலை இல்லை என்பது எனக்குத் தெரியும். விடிந்த பிறகும் தூங்கலாம் என்பதற்காகப் பொய் சொன்னேன்.

நாங்கள் போனபோது சூரியன் பனைமர உயரம் ஏறியிருந்தது. அம்மா கண்மேல் கைவைத்து அதைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"நம்மூரு மலை நம்மள நல்லா ஏமாத்திச்சிடா. போனா போவுது, குந்து. கடலப் பாத்துக்கினு இருக்கலாம்."

அந்த ஒரு நாளுக்குப் பின் வாழ்நாளில் அவள் கடலைப் பார்க்கவே இல்லை. ஊரில் கேட்டவர்களிடமெல்லாம், "எம் புள்ளதான் இட்டுக்கினு போயி கடலக் காட்டினான்" என்றாள். அவள் இருந்தவரை நான் உண்மையைச் சொல்லவில்லை. அப்படியொரு நல்ல பிள்ளையாகவே என்னை நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாளே, அந்த நன்றியில்தான் இப்போதாவது எழுதுகிறேன்.