துறைமுகப் பக்கத்துத் துப்பாக்கி

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த காலம். எங்கள் கல்லூரி விடுதிக்கு ஒரு மேசை விளையாட்டு வந்தது. உலகப்போரில் கடலில் இறங்கி, கடலிலிருந்தே எழும்பிய பறக்கும் படகுகளை வைத்து ஆடுவது. அட்டை விமானங்கள், இரண்டு பகடை, ஆங்கிலத்தில் ஒரு விதிப்புத்தகம். கொண்டுவந்தவன் என் அறைத்தோழன், நாசரேத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளை.

"நீ தமிழ்ல எழுதுலே, எல்லாரும் ஆடலாம். மொதப் பக்கத்துல ரெண்டு பேரு பேரையும் போடுவோம்" என்றான்.

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். ஒரு மாதம் அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன்.

எதிரி எந்தப் பக்கம் வந்தால் எந்தத் துப்பாக்கி சுடலாம் என்பதுதான் ஆட்டமே. மூக்கில் ஒன்று, வாலில் ஒன்று, விலாவுக்கு ஒன்றாக இரண்டு. வயிற்றில் மட்டும் இல்லை. அது ஏன் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பெரியதாழையில் வள்ளம் தள்ளி வளர்ந்த எனக்குப் பிடிபட்டது.

"வயிறு தண்ணியில கெடக்கும்லா? ஓட்டை போட்டா முங்கிரும். அதனாலதான் அங்க துப்பாக்கி இல்ல. கடலை ஒட்டியே பறக்கணும். அப்பம் அடியில எவனும் வர முடியாது."

அதையும் ஒரு விதியாகச் சேர்த்தேன்.

விலாத் துப்பாக்கி ஒன்றுக்கு 'போர்ட்' என்று போட்டிருந்தது. தூத்துக்குடியில் போர்ட் என்றால் வேறென்ன? 'துறைமுகப் பக்கத்துத் துப்பாக்கி' என்று எழுதி, சரியா என்று அவனிடம் காட்டினேன்.

"சரிதாம்லே" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மெஸ் மேசையைச் சுற்றிப் பத்துப் பேர். என்னையே வாசிக்கச் சொன்னான். அந்த வரி வந்ததும் ஒருத்தன் கேட்டான்: "ஏலே, விமானம் திரும்புனா தொறமொகமும் கூடவே திரும்புமா?"

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அறைத்தோழன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். "கப்பல்லயும் விமானத்துலயும் போர்ட்னா எடப்பக்கம். இந்தா, சரியானது." விதிகள் முழுக்க அவன் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல். கடைசியில், கடலை ஒட்டிப் பறக்கும் என் விதி. முதல் வரியில் ஒரே ஒரு பெயர்.

"ஏம்டே அன்னைக்கே சொல்லல?" என்றேன்.

"சொல்லியிருந்தா இந்தச் சிரிப்பு கெடச்சிருக்குமா மக்கா?"

பறக்கும் படகை என்னிடம் தந்தார்கள். அவன் தன் சண்டை விமானத்தை என் படகின் வயிற்றுக்கடியில் கொண்டுவந்தான். நான் படகைக் கடலோடு ஒட்டி இறக்கினேன்.

"பரவால்லியே" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "என் விதிய நல்லாத்தான் படிச்சிருக்க."