தலைவர் வரும் வரை

மைக்கைப் பிடித்துவிட்டால் அம்சவல்லிக்கு ஒரு கண் கூட்டத்தின் மேல், மறு கண் சாலையின் மேல். தலைவர் ராஜாங்கத்தின் வெள்ளைக் கார் தென்பட்டதும், எந்த வார்த்தையில் இருந்தாலும் நிறுத்தி, “இதோ நம் தலைவர்!” என்று மைக்கைக் கொடுத்துவிட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்தில் பதினோரு ஆண்டுகளாக இவருக்கு இதுதான் பணி. ஒரு கூட்டத்திலும் ‘நன்றி, வணக்கம்’ சொன்னதில்லை.

நெய்வேலிச் சுரங்க வாசலில் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆளை நிறுத்துவது லேசுப்பட்ட காரியமல்ல. பாதிப் பேருக்கு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம், மீதிப் பேருக்கு உள்ளே போகும் அவசரம். “தோள்ல மாட்டிகினு இருக்காங்களே சாப்பாட்டுப் பை, அதப் பாருங்க. அது தரைக்கு வந்துடுச்சுன்னா ஆளு நம்ம பக்கம்” என்பார் அம்சவல்லி. இவர் பேச ஆரம்பித்த மூன்றாம் நிமிடம் பைகள் இறங்கும். தலைவர் காகிதத்தைப் பிரித்ததும் ஒவ்வொன்றாகத் தோளேறும். சங்கத்தில் எல்லோரும் பார்த்ததுதான். பூனைக்கு யார் மணி கட்டுவது?

மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. காலையில் டவுன்ஷிப் தெருக்களைப் பெருக்கும் வேலை. துடைப்பமும் கையுமாகவே ஒத்திகை நடக்கும். கூடப் பெருக்கும் பெண்களுக்கு அவர் பேச்சின் முடிவு மனப்பாடம்: “வர்ற சங்கத் தேர்தல்ல செயலாளருக்கு நானே நிக்கிறேன். சம்மதம்னா கையத் தூக்குங்க.”

முதலிலேயே சொல்லிவிட வேண்டியதுதானே என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

“எடுத்த எடுப்புல கேட்டா நல்லாவா இருக்கும்ங்க? பேசி, அவங்க மனசுல எறங்குன பின்னாடி கேக்கணும்.” பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஒரு மடக்குக் குடித்தார். “அய்யனாருகிட்ட வேண்டிகினேங்க. தலைவருக்கு ஒண்ணும் ஆவக்கூடாது, பாவம். டயருக்கு மட்டும் ஏதாச்சும் ஆவட்டும்னு.” சிரித்தார். பிறகு, “ஒரே ஒரு வாட்டி முடிச்சிப் பாத்துடணும்ங்க” என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை.

தேர்தலுக்கு முந்தைய கடைசிக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பைகள் தரையில் இருந்தன. “ஆகவே தோழர்களே” என்று அம்சவல்லி முடிவைத் தொட்டபோது கார் வந்துவிட்டது. அய்யனார் டயரைக் கவனிக்கவில்லை. மைக் கை மாறியது. அவர் தலைவருக்குப் பின்னால் போய் நின்றார்.

தலைவர் காகிதத்தைப் பிரித்து வாசித்தார். பின்னால் அம்சவல்லியின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. முன்வரிசையில் அவரோடு தெருப் பெருக்கும் பெண்கள். அவர்கள் தலைவரைப் பார்க்கவில்லை. அவர்களில் முதலில் பேச்சியம்மாளின் கை உயர்ந்தது. அடுத்து அந்த வரிசை முழுவதும் கைகள். தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்துத் தலைவர் முகம் மலர்ந்து கையசைத்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் அம்சவல்லி இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார்.